மிசின் திருப்பி அனுப்பிய மெயில்

அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து படிக்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். மனதுக்குள் அவருக்கு ஓர் உருவமும் கொடுத்திருந்தேன். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பால் விடாத காப்பி. ராஜபாளையத்திலிருந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் ஏற்றி அனுப்பும்போது நான் அடிக்கும் மெயிலை அவர் திறப்பார், நிதானமாகப் படிப்பார், தலையை ஆட்டிக்கொள்வார். சோதனை மெயில்கள் அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் வந்த பொங்கலுக்கு அவருக்கு வாழ்த்துகூட எழுதினேன். பதில் வரவில்லை. ஆள் கொஞ்சம் கெத்து பிடித்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே யாருமே இல்லை. ஒரு மிசின்தான் படிக்கிறது. இது எனக்குத் தெரியவந்தபோது எங்கள் கம்பெனியின் தலைமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். நான் ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இனி சரக்கு விவரத்தை மெயிலில் அனுப்ப வேண்டாம், நேரே எங்கள் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். என் பழைய புரோகிராமைக் கழற்றிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறாள்.

"சார், உள்ள இருக்க பைலோட மொத எழுத்து கோண அடைப்பா இல்லன்னா மெயில் போகக்கூடாதுன்னு ஒரு செக் வச்சிருக்கீக. பக்கத்துல 'எஸ்தர் மேடம் உத்தரவு'ன்னு வேற எழுதியிருக்கீக. எதுக்கு சார் இது? புதுசுலயும் வேணுமா?"

"வேணும்" என்றேன்.

"ஏன் சார்?"

"போன்ல சொன்னா நீ சிரிப்ப. எழுதி அனுப்புதேன், சிரிச்சா எனக்குக் கேக்காது."

அதுதான் இது. மற்றவர்களும் படிக்கட்டும் என்று கட்டுரையாகவே எழுதிவிட்டேன்.

நான் புரோகிராமர் ஆன கதை சின்னது. பி.காம். முடித்துவிட்டு அந்த சர்ஜிகல் துணிக் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தேன். வேலைக்கு வருகிறவர்கள் பெயரை எழுதுவது, தாமதமாக வந்தால் சிவப்பு மையில் சுழிப்பது, இதுதான் உத்தியோகம். ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யாராவது படித்துவிட்டு வர வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காக என்னை அனுப்பினார்கள். கம்ப்யூட்டருக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் ஆறு மாத வகுப்பு. புது நோட்டின் தலையில் சுழி போட்டு, தேதி எழுதி, வாத்தியார் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். கீழே நாள் முழுக்கப் பால் சுண்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் ஒரு புரோகிராமைத் திறந்தால் எனக்கு நாக்கில் தித்திக்கும். உள்ளே இருப்பது என்னவோ கசப்புதான். எங்கள் ஊர் நாய்க்கு உலகமெங்கும் பெயர் இருக்கிறது, எங்கள் ஊர் புரோகிராமருக்கு ஏன் இல்லை என்பது இந்தக் கட்டுரை முடிவதற்குள் விளங்கிவிடும்.

இனி எஸ்தர் மேடம். ஏற்றுமதிப் பிரிவின் மேலாளர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்தான். ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத்து டவுசர் போட்டிருப்பது போலவே இருக்கும். சத்தம் போடவே மாட்டார். நாம் என்ன விளக்கம் சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, பொறவு?" என்பார். அவ்வளவுதான். அந்த 'பொறவு'க்கு அப்புறம் நாம் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்பது நமக்கே தெரிந்துவிடும்.

அவர் காகிதம் படிக்கும் முறையை நான் சொல்லியே ஆக வேண்டும். மேஜையில் ஓர் எவர்சில்வர் ஸ்கேல் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் அந்த ஸ்கேலை உச்சியில் வைப்பார். முதல் வரி மட்டும் தெரியும்படி கீழே இறக்குவார். வாய்விட்டுப் படிப்பார். எழுத்தை மட்டும் அல்ல, கமா, புள்ளி, கோடு, அடித்தல் திருத்தல் எல்லாவற்றையும். "ஒன்று, ஸ்டெரைல் காஸ் துணி, கமா, பத்துக்குப் பத்து, அடைப்புக்குறி, பன்னிரண்டு மடிப்பு, அடைப்புக்குறி மூடல், புள்ளி." ஒரு வரி முடிந்தால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கிருமி நீக்கச் சான்றிதழ், எல்லாம் இப்படித்தான். ஒருமுறை சரக்குத் தொகுதியின் லாட் எண்ணில் ஒரு கோடு குறைந்திருந்ததைக் கண்டுபிடித்து, துறைமுகத்துக்குக் கிளம்பிய லாரியைத் திருப்பி வரவழைத்தார். பேக்கிங் ஷெட்டின் சூப்பர்வைசர் பேச்சியம்மா அன்றைக்கு என் காதில் சொன்னாள்: "அண்ணாச்சி, இந்த மேடம் கல்யாணப் பத்திரிக்கையவும் இப்பிடித்தான் படிச்சிருப்பாவ. மாப்பிள்ளை பேருல தப்பு இருந்துச்சுன்னா மாப்பிள்ளையவே மாத்தியிருப்பாவ."

அப்படி இருந்த காலத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் பேண்டேஜில் பெரும்பகுதியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. இனிமேல் ஒவ்வொரு கன்டெய்னரும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்ற விவரம் ஒரு மெயிலில் வர வேண்டும். மெயில் 'மைம்' முறையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். விவரம் 'எக்ஸ்எம்எல்' வடிவத்தில் அதற்குள் இருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் சப்ளையர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.

பட்டியலிலிருந்து பெயர் போனால் பேக்கிங் ஷெட்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்சியம்மா மட்டும், "நம்ம சோறு இப்ப உங்க மெயிலுக்குள்ள இருக்கு, பாத்துக்கோங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுச் செய்துவிடலாம் என்றார் முதலாளி. "நம்ம செல்வராஜே செஞ்சிருவாரு" என்றார் எஸ்தர் மேடம். மேடம் என் திறமையின் மேல் வைத்த நம்பிக்கை என்று அன்று பூரித்துப்போனேன். செலவு மிச்சம் என்பதற்காகச் சொன்னாரோ என்னவோ, இன்றுவரை கேட்கத் துணியவில்லை.

சங்கீதாவுக்கு மைம் தெரியும். தெரியாதவர்களுக்காக எங்கள் ஷெட் மொழியில் சொல்கிறேன். மெயில் என்பது ஒரே நீளத்துக்கு ஓடும் வெறும் எழுத்து. அதற்குள் கடிதம் ஒரு பொட்டலம், இணைக்கும் பைல் ஒரு பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'உள்ளே இன்ன வகைச் சரக்கு, இன்ன முறையில் சுற்றியிருக்கிறது' என்று சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டுக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு வெற்று வரி. இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே ஓர் எல்லை வரி. அந்த எல்லை வரி சரக்குக்குள் எங்கேயும் வரக்கூடாது, வந்தால் அந்த இடத்தில் பொட்டலம் அறுந்துவிடும். எக்ஸ்எம்எல் என்பது உள்ளே போகிற பேக்கிங் லிஸ்ட். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் < > என்ற கோண அடைப்புக்குள் பெயர் போட்டுத் திறந்து மூட வேண்டும். திறந்ததை மூடாவிட்டால் மொத்தமும் செல்லாது.

கேட்க எளிது. நான் செய்த கூத்தைக் கேளுங்கள்.

மேடத்துக்கு அனுப்பிப் பார்த்த முதல் மெயிலில் வெற்று வரியைப் பார்த்தேன். எதற்கு ஒரு வரி வீணாகக் கிடக்கிறது என்று எடுத்துவிட்டேன். டைம் கீப்பராக இருந்தபோது ஒரு பக்கத்தில் நாற்பது பேரை அடக்கிய சிக்கன புத்தி. மெயில் போனது. மேடத்தின் கம்ப்யூட்டரில் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சரக்கு முழுவதையும் சீட்டு என்று நினைத்து மெயில் விழுங்கிவிட்டது. மேடம் வெற்றுத் திரையின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, பொறவு?" என்றார்.

அடுத்தது எல்லை வரி. ஏதாவது ஓர் அடையாளம் கொடு என்றால் நான் கொடுத்தது வெறும் சின்னக் கோடுகள், ஏழெட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது. அதோடு விட்டேனா? கடிதத்தில் 'பேக்கிங் விவரம்' என்ற தலைப்புக்கு அடியிலும் அதே கோடுகளை வரிசையாகப் போட்டேன். தலைப்புக்கு அடிக்கோடு இல்லாவிட்டால் மேடத்துக்குப் பிடிக்காது. கடிதம் தலைப்போடு அறுந்து நின்றது. தலை மட்டும் வந்து உடம்பு வராத மெயிலை இரண்டு நாள் உற்றுப் பார்த்தபிறகுதான் கத்தி வைத்தவன் நானே என்று விளங்கியது.

எப்படியோ எல்லாம் சரியானது. புரோகிராமில் இரண்டு அறைகள் வைத்தேன். ஒன்று 'சோதனை', மற்றது 'அசல்'. இரண்டிலும் எக்ஸ்எம்எல்லின் அச்சு வார்ப்பு ஒன்று இருக்கும். லாட் எண், பெட்டி எண்ணிக்கை, கிருமி நீக்கிய தேதி இவற்றுக்கு மட்டும் அதில் இடம் காலியாக விட்டிருக்கும். புரோகிராம் அந்த இடங்களை நிரப்பி, பொட்டலம் கட்டி, மெயிலை அனுப்பும். சோதனை மெயில்கள் ஐந்து அனுப்பினேன். ஐந்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து கால் மணி நேரத்தில் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. வெள்ளைக்காரர் சுறுசுறுப்பானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அசலைத் தொடங்கினோம். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, கீபோர்டின் மேல் ஒரு மல்லிகைச் சரம், மேஜைக் காலடியில் எலுமிச்சம்பழம். மேடம் ஊரிலிருந்து பால்கோவா வாங்கி அனுப்பியிருந்தார். அவர் தூத்துக்குடிக்குப் போயிருந்ததால் அன்றைக்கு வரவில்லை. ஷெட்டிலிருந்து எல்லாரும் வந்து நின்றார்கள். "நீயே மங்களமா தொடங்கி வையிப்பா" என்றார் முதலாளி. தொடங்கி வைத்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். கைதட்டினார்கள். பால்கோவா தின்றோம்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 'உள்ளடக்கத்தைப் படிக்க இயலவில்லை. நிராகரிக்கப்பட்டது.'

காரணம் இல்லை, விளக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அங்கே மீசையும் இல்லை, காப்பியும் இல்லை. மனிதன் என்றால், அடப் பாவி, என்ன அனுப்பியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.

உடனே சோதனை அறைக்குப் போய் அதே சரக்கு விவரத்தை அனுப்பினேன். 'ஏற்கப்பட்டது.' அசலிலிருந்து அனுப்பினால் மட்டும் தவறு. ஒரே புரோகிராம், ஒரே கம்ப்யூட்டர், ஒரே நான்.

அடுத்த சில நாட்கள் நான் சந்தேகப்படாத பொருள் அந்தக் கட்டடத்தில் இல்லை. சீட்டில் சரக்கின் வகையை மாற்றி எழுதினேன். மெயில் போகும் வழியில் யாராவது வரியை உடைக்கிறார்களோ என்று வரிகளின் நீளத்தை எண்ணினேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏதாவது சேர்க்கிறதோ என்று அதை நிறுத்திவைத்து, அதற்குள் ஒரு நிஜ வைரஸ் வந்துவிடுமோ என்று பயந்து மறுபடி போட்டேன். அனுப்பிய அசல் மெயிலைத் திறந்து பார்த்தால் உள்ளே பைல் இருக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகள், அர்த்தமில்லாமல், இடைவெளி இல்லாமல். வழியில் சிதையாமல் இருக்க மெயில் அப்படித்தான் சுற்றி அனுப்பும். அந்தச் சுற்றலைப் பிரித்துப் பார்க்காமல் சுற்றலையே முறைத்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது காராசேவா மிக்சரா என்று கண்டுபிடிக்க முயன்றவன் நான்.

வார்ப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சோதனை வார்ப்பு இடப்பக்கம், அசல் வார்ப்பு வலப்பக்கம். வரிவரியாகப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அசல் மட்டும் ஒரு வரி கீழே இறங்கி நின்றது. ஜன்னலை ஒழுங்காக இழுத்து வைக்கவில்லை என்று நினைத்து, இரண்டையும் சமமாக இழுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தேன். நான் அவ்வளவு கவனமான ஆள்.

இரண்டாவது கன்டெய்னர் கிளம்பியது. இரண்டாவது அசல் மெயில் போனது. 'உள்ளடக்கத்தைப் படிக்க இயலவில்லை. நிராகரிக்கப்பட்டது.' அதற்கு மேல் ஒரு வரி கூடுதலாக: 'இது இரண்டாவது முறை.' எண்ணத் தெரிகிறது, படிக்கத்தான் தெரியவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்கே மெட்ராஸ்காரனக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேடத்தைப் பார்த்துச் சொன்னார். அன்று மாலை பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மேடத்தின் பை வழக்கத்தைவிடக் கனமாக இருப்பதுபோல் எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போய், மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பூசாரி என் தலையைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே பாதி வேண்டுதல நிறைவேத்திட்டீக போலிருக்கே" என்றார். கோவில் பக்கத்து அருவியில் நெடுநேரம் நின்றேன். உடம்பெல்லாம் நனைந்தது, தலைக்குள் இருந்த குழப்பத்தின் மேல் ஒரு சொட்டும் விழவில்லை.

மூன்றாவது கன்டெய்னர் வியாழக்கிழமை ஏற்ற வேண்டும். வியாழன் காலை நான் ஆபீசுக்கு வரும்போது சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. ஷெட் வாசலில் லாரி நின்றது. பேச்சியம்மாவும் மற்ற பெண்களும் பெட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக அந்த நேரத்தில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். அன்றைக்குப் பெட்டி இழுக்கும் சத்தம் மட்டும்தான்.

"இன்னைக்குப் போயிருமா அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மா.

"போறது நிச்சயம். நானா மெயிலான்னுதான் தெரியல."

"எனக்கு மக காலேஜுக்குப் போறா. விளையாடாதீக."

நான் அதற்கு மேல் விளையாடவில்லை. நேரே மேடத்தின் அறைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன்.

அவர் ஸ்கேலை எடுத்தார். உச்சியில் வைத்தார். இறக்கினார்.

"மேல நடுவுல, உ. அடுத்த வரி, அனுப்புநர், கமா. செல்வராஜ், கமா..." என்று படித்துக்கொண்டே போனார். "...என் இயலாமையைக் கருதி. இங்க ஒரு கமா வேணும்." சிவப்பு மையில் போட்டார். "தங்கள் உண்மையுள. இங்க ஒரு 'ள்' மிஸ்ஸாகுது." அதையும் திருத்தினார். கடிதத்தை மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"சரி, பொறவு?"

"பொறவு என்ன மேடம்? அவ்வளவுதான். அந்த மிசின் என்ன படிக்குதுன்னு எனக்குப் புரியல. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தீக. படிச்சீகளா?"

அவர் ஸ்கேலை மேஜை விளிம்போடு நேராக வைத்தார்.

"அந்த மிசின் கையில கடைசியா என்ன போய்ச் சேருதோ, சுத்தின சீட்டு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு, அத மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. அது எப்பிடிப் படிக்குமோ அப்பிடியே நானும் படிக்கேன்."

மேடத்துக்கு எக்ஸ்எம்எல் தெரியாது. தெரியாதவர் படித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இரண்டாவது அசல் மெயிலைச் சுற்றல் பிரித்து, உள்ளே இருந்ததை அச்செடுத்தேன். பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தை நடந்துவரும்போது ஒருமுறை பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கொடுத்தேன்.

ஸ்கேல் உச்சிக்குப் போனது. இறங்கியது.

"உ" என்றார் மேடம்.

அடுத்த வரிக்கு ஸ்கேல் இறங்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"பொறவு, மேடம்?" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னேன்.

"செல்வராஜ், பிள்ளையாரும் சேந்து கப்பல் ஏறுதாரா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் ஆபீசில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் உச்சியில் உ இருக்கும். கடைப் பட்டியலில், லீவு லெட்டரில், ஷெட்டின் கரும்பலகையில், பத்து நிமிடத்துக்கு முன்னால் கொடுத்த என் ராஜினாமாவில். அது எங்கள் கண்ணுக்கு எழுத்தே அல்ல. காகிதம் என்றால் அதற்கு ஓர் ஓரம் இருப்பது மாதிரி. மேடத்தின் வீட்டில் காகிதத்தின் மேல் சிலுவை போடுவார்கள். அதனால் அவருக்கு உ ஓர் எழுத்தாகத் தெரிந்தது.

"மிசினும் மொதல்ல இதத்தானே படிக்கும்?" என்றார்.

எக்ஸ்எம்எல்லில் ஒரு விதி உண்டு. 'இது எக்ஸ்எம்எல்' என்று அறிவிக்கும் வரிதான் முதலில் வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வெற்றிடம்கூட இருக்கக்கூடாது. பால்கோவாக் கடை மாடியிலேயே இல்லாவிட்டாலும், பிறகு புத்தகத்தில் நானே அடிக்கோடு போட்டுப் படித்த விதி. அந்தப் பக்கத்து மிசின் திறந்ததும் கோண அடைப்பை எதிர்பார்த்திருக்கிறது. வந்தது உ. மூடிவிட்டுப் போய்விட்டது. என் பொட்டலத்தில் ஒரு குறையும் இல்லை. சீட்டு சரி, எல்லை வரி சரி, சுற்றியதும் சரி. அத்தனை நாளும் நான் சரியாக இருந்தவற்றை எல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயம் போன வேகத்தில் எனக்குக் கோபம் வந்தது. அறையை விட்டு வெளியே பாய்ந்தேன்.

"எவம்லே அது? என் பைல்ல கைய வச்சது யாரு? என் கம்ப்யூட்டரத் தொடாதீகன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"அசல் பைலு தலையில எவனோ உ போட்டிருக்கான். அதனாலதான் ரெண்டு மெயிலும் திரும்பிருக்கு. யாருன்னு தெரியணும் எனக்கு."

பேச்சியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். தேடினாள். நீட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை என்னை எடுத்த படம். நெற்றியில் பெரிய குங்குமம், வாயில் பாதி பால்கோவா, ஒரு விரல் கீபோர்டில், முகம் கேமராவைப் பார்த்து. திரையில் அசல் வார்ப்பு திறந்திருக்கிறது. அதன் உச்சியில், பளிச்சென்று, தனி வரியில், உ.

"முதலாளி மங்களமா தொடங்குன்னாரு. நீங்க தொடங்குனீக. நாங்க கைதட்டுனோம்" என்றாள் பேச்சியம்மா. "இப்ப நாங்களா போட்டோம்?"

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும். காலையிலிருந்து அந்த ஷெட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

கம்ப்யூட்டருக்குப் போனேன். மேடம் என் பின்னால் வந்து நின்றார். உ-வின் மேல் கர்சரை வைத்துவிட்டு, அழிக்கும் பொத்தானுக்குப் போன விரலை நிறுத்தினேன். தொடங்கிய நாளில் போட்ட சுழி. அழிப்பதற்குக் கை வரவில்லை. மேடத்துக்கு அது புரிந்தது.

"மொத வரி மிசினுக்கு. அது படிக்காத எடம் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு மேடம். குறிப்புன்னு போட்டு உள்ள எழுதினா மிசின் தாண்டிப் போயிரும்."

"அப்ப ரெண்டாவது வரியில ஒக்கார வைங்க."

வைத்தேன். அறிவிப்பு முதல் வரி. குறிப்புக்குள் பிள்ளையார் இரண்டாவது வரி. அதற்குக் கீழே லாட் எண்ணும் பெட்டிகளும். மேடம் அச்செடுக்கச் சொல்லி, ஸ்கேல் வைத்து, கடைசிக் கோண அடைப்பு மூடும்வரை முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். நான்கு பக்கம். லாரி டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மேடம் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. "அனுப்புங்க" என்றார்.

அனுப்பினேன். லாரி கிளம்பியது. கால் மணி நேரம் எஸ்தர் மேடமும் பேச்சியம்மாவும் நானும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பேச்சியம்மாவுக்கு அதில் இருந்த ஒரு சொல்லும் படிக்கத் தெரியாது. பதில் வந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

'ஏற்கப்பட்டது.'

பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. நான் ஓய்வு பெற்றபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று சங்கீதா சொல்கிறாள். முதல் எழுத்தைச் சரிபார்க்கும் அந்த வரியை மறுநாளே புரோகிராமில் சேர்த்தேன். இனி உங்கள் கையை நம்ப வேண்டாம் என்று மேடம் சொன்னதால்தான் அது அவர் உத்தரவு. என் ராஜினாமாக் கடிதம் மேடம் ஓய்வு பெறும்வரை அவர் டிராயரில் கிடந்தது. போகும் நாளில் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு மையில் இரண்டு திருத்தம். நான் விருப்ப ஓய்வு கேட்டபோது தேதியை மட்டும் மாற்றி, அதைத்தான் பார்த்து எழுதினேன்.

சங்கீதா, அந்தச் செக்கைப் புதுசிலும் வைத்துக்கொள்.

வைரஸ் இல்லை, சர்வர் இல்லை, வெள்ளைக்காரர் இல்லை. அந்த உ-வைப் போட்டது நான். அதைப் படித்தது எஸ்தர் மேடம்.